ஆணி அடிக்காத படல்

வாசல் நிலைக்காலில் ஆணி அடித்ததற்காக எங்களுக்கு அரைப்பேர் போட்டார் தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி. அரைப்பேர் என்றால், முழுநாளும் மரம் வெட்டிவிட்டுப் பாதி நாள் சம்பளத்தோடு வீட்டுக்கு வருவது. அது போனால் போகட்டும். அந்த ஆணிகளைப் பிடுங்கியபோது அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் ஆறவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் எழுதவும் நான் கற்றதே தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்த பிறகுதான். கற்றதும் முதலில் இதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். இப்போதுதான் கை ஓடுகிறது.

மலாயாவில், கோப்பெங்குக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகள். நானும் வீட்டுக்காரரும் கப்பலேறி வந்து சேர்ந்த தோட்டம் அது. நான் மரம் வெட்டினேன், பட்டையைக் கீறிப் பால் இறக்குகிற வேலை. அவர் பால் ஸ்டோரில், கட்டிப் பாலை உருளையில் விட்டுத் தகடாக்கும் வேலையில் இருந்தார். எங்கள் லயம் தரையில் நிற்கவில்லை. செங்கல் தூண்கள் நட்டு, அதன்மேல் ஆள் மார்பளவு உயரத்தில் பலகை போட்டு, வரிசையாக அறைகளைக் கட்டியிருந்தார்கள். அடியில் விறகும் கோழிகளும் ஆடுகளும். காற்று நன்றாக வரும், காய்ச்சல் அண்டாது என்பார்கள். அறைக்கு முன்னால் இரண்டு முழ அகல நடைபலகை, அதற்குக் கைப்பிடி கிடையாது. அதை ஒட்டி மரப்படி. கீழே சிமெண்டுச் சாக்கடை. கட்டினவர்களுக்குக் கொசு ஞாபகம் இருந்தது, தவழுகிற பிள்ளை ஞாபகத்துக்கு வரவில்லை.

மூத்தவன் தவழ்கிற வயதில் அங்கேயிருந்து விழுந்தான். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. சாக்கடை விளிம்பில் முழங்கை பட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டார்கள், எலும்பும் கூடியது, ஆனால் நேராகக் கூடவில்லை. இன்றைக்கும் அந்தக் கையை அவனால் முழுசாக நீட்ட முடியாது. அவன் அதைப் பற்றி வருத்தப்பட்டதே இல்லை. அவனுக்கு இல்லாத கோபத்தையும் சேர்த்து நானே வைத்திருக்கிறேன்.

அடுத்தது மகள். அவள் தவழ ஆரம்பித்ததும் என் கண் வாசலைவிட்டு அகலவில்லை. மூத்தவன் பொறுமையாகத் தவழ்வான். இவள் அப்படியில்லை, கண்ணை மூடித் திறப்பதற்குள் வாசலில் நிற்பாள். வெளிச்சம் எங்கே தெரிகிறதோ அங்கே போவாள். எங்கள் அறையில் வெளிச்சம் வருகிற இடம் வாசல் ஒன்றுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் பிள்ளைகளை விட்டுப் போக ஆயாக் கொட்டகை கிடையாது. அது பின்னால் வந்தது. லயத்தில் கால் வீங்கிய ஒரு அக்கா இருந்தாள். மேடு பள்ளம் ஏறி மரம் வெட்டப் போக அவளால் முடியாது. விடியுமுன் நாங்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்குக் கிளம்பும்போது பிள்ளைகளை அவள் பார்வையில் விட்டுப் போவோம். நடைபலகையின் நடுவில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பாள். எழுந்து ஓடிப் பிடிக்க அவளால் ஆகாது. அதனால் எல்லாத் தாய்மாரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். பழைய சேலையைக் கிழித்து ஒரு நுனியைப் பிள்ளையின் இடுப்பிலும் மறு நுனியை நடைபலகை ஓரத்துக் கூரைத் தூணிலும் கட்டிவிட்டுப் போவார்கள். அக்கா வளர்த்த ஆட்டுக்குட்டிகளையும் அதே தூணில்தான் கட்டியிருப்பாள். முடிச்சும் ஒரே முடிச்சுதான்.

மூத்தவன் விழுந்த பிறகு அவனையும் அப்படித்தான் கட்டிவைத்திருந்தேன். இடுப்பில் சேலை அறுத்த தடம் ரொம்ப நாள் இருந்தது. மகளைக் கட்டச் சொல்லி அக்கா துணியை நீட்டியபோது எனக்குக் கை போகவில்லை.

"ஆட்டைக் கட்டுற மாதிரி எம்புள்ளயக் கட்டமாட்டேங்க்கா. வாசலக் கட்டுறேன்," என்றேன்.

அக்கா சிரித்தாள். வாசலை யாராவது கட்டுவார்களா என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கட்டும் என்று விட்டேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் உடைந்த பெட்டிப் பலகைகளைக் கொண்டுவந்து வாசலுக்குக் குறுக்கே வைத்து நிலைக்காலில் ஆணி அடித்தார். நாங்கள் காலைத் தூக்கிப் போட்டுத் தாண்டிப் போவோம், அவளால் முடியாது. சில நாள் நிம்மதியாக மரம் வெட்டினேன். அப்புறம் லயம் பார்க்கக் கிராணி வந்தார். வெள்ளைக் கோட்டு, கக்கத்தில் குடை. அடுப்படி சுத்தமா, சாக்கடை அடைத்திருக்கிறதா என்று குடை நுனியாலேயே குத்திக் குத்திப் பார்ப்பார். எங்கள் வாசலில் வந்து குடை நின்றுவிட்டது.

நிலையில் ஓட்டை விழுந்தால் கரையான் ஏறும், மழைத் தண்ணீர் இறங்கும், நிலை கெட்டால் யார் பதில் சொல்வது என்றார். நான் மூத்தவனைக் கூப்பிட்டு, அந்தக் கையை அவருக்குத் தூக்கிக் காட்டினேன். அவர் பார்க்கத்தான் செய்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்:

"உன் புள்ள உன்னோடது. நெல கம்பெனியோடது."

ஆணிகளைப் பிடுங்கினார்கள். பலகை விறகுக்குப் போனது. அரைப்பேர் விழுந்தது. நான் மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டேன். உங்கள் நிலையில் ஒரு ஊசி முனை ஓட்டைகூட விழாது, ஆனால் என் வாசல் அடைத்திருக்கும். எப்படி என்பது அப்போது எனக்கே தெரியாது.

மரம்தான் வழி காட்டியது. பால் மரத்தில் நாங்கள் ஆணி அடிக்க மாட்டோம், மரம் கெட்டுவிடும். பால் வடிகிற மங்கு நிற்பதற்கு மரத்தைச் சுற்றி ஒரு சுருள் கம்பி போட்டிருப்பார்கள். மரம் பெருக்கப் பெருக்கக் கம்பி இளகிக் கொடுக்கும், ஆனால் பிடியை விடாது. தினமும் பார்க்கிற கம்பிதான். அன்றைக்கு அதன் முன்னால் உட்கார்ந்து பட்டை கீறுகிற உளியைக் கீழே வைத்துவிட்டேன். இது வெளியிலிருந்து இறுக்கிப் பிடிக்கிறது. எனக்கு வேண்டியது உள்ளேயிருந்து இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளுகிற ஒன்று. பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவள் உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை, தலைக்குள்தான் குடைகிறது என்றேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. மறுநாள் ஆற்றோரத்திலிருந்து இரண்டு தினுசு மூங்கில் வெட்டிக்கொண்டு வந்தார். ஒன்று பருமன், ஒன்று மெலிசு. இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிப் பருமன் மூங்கிலின் கணுக்களை உள்ளே சுட்டுத் துளைத்துக் குழாயாக்கினார். மெலிசு மூங்கில் அதற்குள் போய் வந்தது. மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று என்று இப்படி இரண்டு ஜோடி செய்தார். வாசல் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு இழுத்துக்கொள்ளலாம். பருமன் மூங்கிலில் வரிசையாகத் துளை போட்டு, குச்சி செருகினால் இழுத்த இடத்தில் நிற்கும். ஊரில் கொல்லைக்குப் போடுகிற படல் மாதிரியே இருந்தது, ஆனால் நீண்டு குறுகுகிற படல். அது யார் யோசனை என்று கேட்டால், அவர் இருந்தவரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் அவரவரைத்தான் சொல்லிக்கொள்வோம்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முதல் படலில் மூங்கிலைப் பிளந்த பிளாச்சுகளைக் குறுக்காகக் கட்டினோம். மகள் அதைப் பார்த்ததும் ஏணி என்று நினைத்துவிட்டாள். ஒரு காலைத் தூக்கி வைத்து, இன்னொரு காலையும் வைத்து, மேலே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவிழ்த்து நெட்டுக்குத்தாகக் கட்டினோம். அப்புறம் எவ்வளவு இடைவெளி விடுவது என்ற கேள்வி. தலை நுழைந்து மாட்டிக்கொண்டால் விழுவதைவிட மோசம். பால் வடிகிற மங்கு ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தேன். மங்கு நுழையாத இடத்தில் பிள்ளை தலை நுழையாது. பெரிதாக இழுக்கும்போது நடுவில் ஒரு சந்து விழும். அங்கே ஒரு பிளாச்சைக் கம்பியில் தொங்கவிட்டோம்.

படலுக்கும் நிலைக்காலுக்கும் நடுவில் ஒரு தனிக் கட்டை வைத்து, படலுக்கும் கட்டைக்கும் இடையில் ஆப்பை இறக்கினால் படல் நெட்டிக்கொண்டு இறுகும். ஆனால் வெறும் கட்டை மரத்தில் வழுக்கும். வழுக்காமல் பிடிக்க எது வேண்டும் என்று யோசித்தபோது எங்கள் இரண்டு பேருக்கும் வேறு நினைப்பே வரவில்லை. நாங்கள் யார், ரப்பர்த் தோட்டத்துக்காரர்கள். எங்களைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் ரப்பர்தானே. மரப்பட்டையில் காய்ந்து ஒட்டியிருக்கிற ஒட்டுப்பாலைக் கொஞ்சம் உருட்டி எடுத்து வந்து கட்டையின் முகத்தில் அப்பினேன். ஆமாம், எடுத்தேன். அதைத் திருட்டு என்று சொல்லச் சொன்னால் இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

அப்பின அன்று யானை தள்ளினாலும் அசையாது போலிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள்.

மூன்று நான்கு நாள் நல்ல வெயில். ஒரு மதியம் நான் பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தேன். ரப்பரைப் பாலாக, கட்டியாக, தகடாகப் பார்த்தவர்கள் நாங்கள். அது வெயிலில் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒட்டுப்பால் இளகிப் பிசினாகி மெல்ல மெல்ல இழுபட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. மகள் படலைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். படல் சரிந்தது, அதோடு அவளும் நடைபலகைக்குப் போய்விட்டாள். நல்ல வேளை, வீங்கிய காலோடு அக்கா பாயிலேயே புரண்டு வந்து பிள்ளையின் கணுக்காலைப் பிடித்தாள். நான் ஓடி வந்தபோது என் மகள் தலைகீழாகச் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அக்கா ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு மறு கையால் என்னைத் திட்டுவதற்குச் சைகை செய்துகொண்டிருக்கிறாள். பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

அதோடு முடிந்ததா. நிலைக்காலில் ஒட்டுப்பால் இறங்கிய கறுப்புத் தடம் அப்படியே இருந்தது. கிராணி அடுத்த முறை வந்தபோது அதைச் சுரண்டி முகர்ந்து பார்த்தார். கம்பெனிப் பாலை வீட்டுக்குக் கொண்டுபோனவளைப் போலீசுக்கு அனுப்ப முடியும் என்றார். அனுப்பவில்லை. லயத்தின் கடைசி அறைக்கு மாற்றினார். கக்கூஸுக்குப் பக்கத்து அறை, நாற்றம் குடலைப் பிடுங்கும். சாக்கடை அங்கேதான் ஆழம் அதிகம். அது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் அங்கே ஒன்று நடந்தது. அந்த அறை வாசல் பழையதைவிட அகலம். ஒரே தச்சன் கட்டிய லயம்தான், இருந்தாலும் ஒரு வாசல் போல ஒரு வாசல் இருக்காது. வீட்டுக்காரர் படலைத் தூக்கி வந்து, குச்சியை எடுத்து, இரண்டு துளை தள்ளிப் போட்டார். அச்சாகப் பொருந்தியது. நான் அந்த நாற்றத்திலும் வாய்விட்டுச் சிரித்தேன். எந்த அறைக்கு வேண்டுமானாலும் மாற்றட்டும், என் வாசல் என்னோடு வரும்.

கட்டையின் முகத்துக்கு என்ன போடுவது என்பதுதான் பாக்கி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோப்பெங்குக்குப் போனோம். ஈயச் சுரங்கத்து ஆட்கள் சைக்கிளைப் பழுது பார்க்கிற கடை ஒன்று இருந்தது. வாசலில் தேய்ந்த டயர்கள் குவிந்து கிடந்தன. கடைக்காரச் சீனர் தவுக்கேயிடம் ஒன்று கேட்டேன். உங்களிடம் சைக்கிள் ஏது, இதை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவர் மலாயில் கேட்டார். பிள்ளைக்கு என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, சும்மா கொண்டுபோகச் சொல்லிவிட்டார். டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்து வரும்போது எனக்கு எரிச்சலாக வந்தது. இது நாங்கள் வெட்டிய பால். எங்கள் கையைவிட்டுப் போய், கப்பலேறி, எங்கேயோ எவனோ வேகவைத்து, சைக்கிளில் ஓடித் தேய்ந்து, குப்பைக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உதவுகிறது. ஆனால் உதவியது. டயர்த் துண்டை வெட்டிக் கட்டையில் வைத்துக் கட்டி ஆப்பை இறக்கினோம். வெயிலிலும் அசையவில்லை, மழையிலும் அசையவில்லை. ஆப்பை உருவினால் நிலைக்காலில் ஒரு கீறல்கூட இல்லை.

இத்தனைக்கும் பிறகு அக்கா ஒரு புது வழக்கைக் கொண்டுவந்தாள். மற்ற நேரம் எப்படியோ போகட்டும், விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலை மறிக்கலாமா, சீதேவி எப்படி உள்ளே வருவாள் என்றாள். லயத்துப் பெண்கள் எல்லாரும் அதற்குத் தலையாட்டினார்கள். நான் சும்மா இருக்கவில்லை.

"இம்புட்டு வருசமா இந்த லயத்துல வாசல் தொறந்துதானே கெடந்துச்சு. யாரு வீட்டுக்குக்கா வந்தா?" என்றேன்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் என் பிள்ளையின் காலைப் பிடித்தவள், அவள் பேச்சைத் தள்ளவும் முடியவில்லை. விளக்கு வைக்கும்போது ஒரு கையில் விளக்கு இருக்கும். மிச்சம் ஒரு கைதான். முதலில் நாங்கள் செய்த ஆப்பை எடுக்க இரண்டு கையும் ஒரு கல்லும் வேண்டியிருந்தது. வீட்டுக்காரர் ஆப்பின் தலையைப் பெரிதாக்கி, உள்ளங்கையால் கீழேயிருந்து ஒரு தட்டு தட்டினால் எழும்பும்படி செதுக்கினார். ஆப்பை வெளிப்பக்கமாக, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வைத்தோம். தட்டினால் படல் தளர்ந்துவிடும், குச்சியை உருவி மெலிசு மூங்கிலைக் குழாய்க்குள் தள்ளினால் பாதி வாசல் திறக்கும். அந்தி நேரத்தில் விளக்கைக் காட்டுவேன், உள்ளே கொண்டுபோய் வைப்பேன், மறுபடி அடைப்பேன். சீதேவி வந்தாளோ என்னவோ, எனக்கு அது பெரிய சௌகரியமாகப் போயிற்று. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே திறக்கலாம், சோற்றுப் பானையோடு திறக்கலாம். அக்கா கேட்காமல் இருந்திருந்தால் அது எங்களுக்குத் தோன்றியிருக்காது.

அக்காவின் ஆடுகள்தான் லயத்தில் முதலில் பட்டினி கிடந்தவை. பிள்ளை சிந்துகிற சோற்றைத் தின்ன உள்ளே வருகிற ஆடு வெளியே நின்று கத்தியது. கோழிகள் தானியத்தைக் கிளறுவது நின்றது. லயத்துச் செவலை நாய் ஒன்று எங்கள் அறைக்குள்ளேயே படுத்துக் கிடக்கும். அது படலுக்கு வெளியே மூக்கை வைத்துப் படுக்கப் பழகிக்கொண்டது. மகள் பிளாச்சு வழியாகக் கையை விட்டு அதன் காதைப் பிடித்து இழுப்பாள். அது முனகிக்கொண்டே கிடக்கும், எழுந்து போகாது.

அதைப் பார்த்த பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். முதலில் வந்தது அக்காதான், தன் பார்வையில் இருந்த பிள்ளைகளின் தாய்மாருக்காக. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் மூங்கில் வெட்டினார்கள், வீட்டுக்காரர் கணு சுட்டார், நாங்கள் பிளாச்சு கட்டினோம். தவுக்கே கடையில் செத்த டயர் தீர்ந்துபோயிற்று. தவழ்கிற பிள்ளை உள்ள ஒவ்வொரு வாசலிலும் ஒரு படல் நின்றது. ஒரு அறையில் பிள்ளை வளர்ந்துவிட்டால் படல் அடுத்த அறைக்குப் போகும், துளை மாற்றிப் போட்டால் சரி. தூணில் சேலை கட்டுவது நின்றது. அக்கா பாயில் உட்கார்ந்தபடியே எல்லா வாசலையும் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றாள்.

தோட்டத்தைப் பார்க்க வெளியிலிருந்து யாரோ பெரிய ஆள் வருகிறார் என்று சொன்னார்கள். சாக்கடைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், புல் வெட்டினார்கள். கிராணி லயத்தின் முனையில் நின்று வரிசையாகப் படல்களைப் பார்த்தார். லயமா இது, ஆட்டுப்பட்டியா என்று கேட்டார். நாங்கள் நிலையைத் தொடவில்லை, ஆணி இல்லை, கம்பெனி ரப்பர் இல்லை என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆப்பை உருவி நிலைக்காலைக் காட்டினேன். ஒரு கீறல் காட்டுங்கள் என்றேன். அவருக்குக் கீறல் கிடைக்கவில்லை, அதில்தான் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அன்று பின்னேரம் ஆட்களை விட்டு எல்லாப் படல்களையும் கழற்றி, பால் ஸ்டோருக்குப் பின்னால் குவித்துவிட்டார். என் வீட்டுக்காரரையும் அந்த வேலைக்கு விட்டார். அவர் எங்கள் படலைத் தூக்கிக்கொண்டு போனபோது என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் பெரட்டு மணி அடித்தது. நான் சேலையை மாற்றினேன், உளியை எடுத்தேன், வாசலுக்கு வந்தேன். மகள் பின்னாலேயே தவழ்ந்து வந்தாள். மூலையில் பழைய சேலைத் துணி கிடந்தது. அதை எடுத்து அவள் இடுப்பில் கட்ட இரண்டு நிமிஷம் ஆகாது. நான் உளியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நிலைக்காலில் முதுகையும் மறு நிலைக்காலில் பாதங்களையும் ஊன்றி வாசலுக்குக் குறுக்கே உட்கார்ந்தேன்.

கங்காணி வந்து கூப்பிட்டார். என் வாசலை அடைக்க ஒன்று இருந்தது, அதைக் கொண்டுபோய்விட்டீர்கள், இப்போது நான்தான் படல், படல் எப்படி மரம் வெட்ட வரும் என்றேன். அவர் அடுத்த வாசலுக்குப் போனார். அங்கேயும் ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை. இருட்டில் பக்கத்து வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு எட்டிப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அக்காவுக்குத் தவழ்கிற பிள்ளை இல்லை. அவளும் தன் வாசலில் குறுக்கே உட்கார்ந்து வீங்கிய காலை நிலைக்காலில் முட்டுக்கொடுத்துவிட்டாள்.

விடிகிற நேரத்தில் வெட்டினால்தான் பால் இறங்கும். வெயில் ஏற ஏற மரம் மூடிக்கொள்ளும். கிராணி வந்தபோது குடை கையில் இல்லை. பேர் கிடையாது என்றார், லயத்தைவிட்டு விரட்டுவேன் என்றார், வாரண்டு என்றார். எனக்குப் பயம் இல்லாமலில்லை. வேலைக்கு வராத கூலியைக் கோர்ட்டுக்கு இழுத்த தோட்டங்களைப் பற்றி நாங்கள் கேள்விப்பட்டிருந்தோம். என்னை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டால் என் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று ஒரு பக்கம் அடித்துக்கொண்டது. ஆனாலும் முதுகை நிலையிலிருந்து எடுக்கவில்லை. மகள் என் முதுகுப் பக்கம் எழுந்து நின்று, என் தோள்மேல் ஏறித் தாண்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் யார் கட்சி என்பது தெரியவில்லை.

கடைசியில் தோட்டத்து மேனேஜர், வெள்ளைக்காரத் துரை, குதிரையில் வந்தார். தமிழ் பேசுவார். எங்கள் தமிழைத்தான் பேசுவார், ஆனால் வார்த்தைகள் அவர் வாயில் முன்பின்னாக நிற்கும். என்ன சமாச்சாரம் என்று கிராணியைக் கேட்காமல் என்னைக் கேட்டார். நான் மூத்தவன் கையைக் காட்டவில்லை. ஒருமுறை காட்டியது போதும். நிலை கம்பெனியோடது, ஆணி அடிக்கக் கூடாது என்றார்கள், அடிக்காமலே படல் செய்தோம், அந்தப் படல் வந்தால் நாங்கள் வருவோம் என்றேன்.

படல் என்றால் என்ன என்று துரைக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். வீட்டுக்காரர் ஓடிப்போய் எங்களுடையதையே தூக்கி வந்தார். நான் எழுந்து இடம் விட்டேன். அவர் அதை நிறுத்தி ஆப்பை இறக்கினார். துரை படியேறி வந்து இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், முழங்காலால் தள்ளினார். நிலைக்காலைக் குனிந்து பார்த்தார். ஆப்பை அவரே தட்டி எடுத்தார், அவரே போட்டார், மறுபடி எடுத்தார். படல் இருக்கலாம், பெரிய ஆள் வருகிற அன்று மட்டும் கழற்றி வைக்க வேண்டும், இன்றைக்கு யாருக்கும் பேர் கிடையாது என்று சொல்லிவிட்டார். பேர் போனது எல்லாருக்கும் வலித்தது. ஆனால் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

குதிரைப் பக்கம் போனவர் திரும்பி வந்தார். பங்களாவில் மாடிப்படி இருக்கிறது, அவர் சம்சாரத்தின் குட்டிநாய் படியில் உருண்டு விழுகிறது. இது போல ஒன்று அங்கே வேண்டும், நாளைக்கே வேண்டும் என்றார். கிராணி எங்களை முந்திக்கொண்டு சரி என்று தலையாட்டினார். வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார். சரி சொல்லிவிடு என்று அவர் கண் சொல்லியது.

"பங்களா உங்களோடது தொரை. நீங்க ஆணியே அடிச்சுக்கலாம்," என்றேன்.

துரைக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் காது சிவந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அப்படியே குதிரை ஏறிப் போய்விட்டார். அவர் போன பிறகு வீட்டுக்காரர் எனக்கு வாயில் சனி என்றார்.  பங்களாவுக்குத் தச்சனை வைத்து அடித்துக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

மற்ற படல்களையும் அன்றைக்கே தூக்கி வந்தார்கள். எது யாருடையது என்று பார்க்கக்கூட இல்லை, கைக்கு வந்ததைக் கொண்டுவந்து, துளை மாற்றி, அவரவர் வாசலில் இறக்கினார்கள். லயம் முழுக்க ஆப்பு அடிக்கிற சத்தம் கேட்டது. வேலையும் இல்லை, பேரும் இல்லை. நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மகள் படலண்டை போனாள். இரண்டு பிளாச்சைப் பிடித்து எழுந்து நின்றாள். தோள் குலுங்க ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, முகமெல்லாம் சிவக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அடுத்த அறையிலும் ஒன்று கத்தியது, அதற்கடுத்த அறையிலும். பிள்ளைகளுக்காக நாங்கள் வாங்கி வந்த சண்டையை அந்தப் பிள்ளைகளே எங்களோடு போட்டார்கள். அக்கா பாயில் இருந்தபடி, உம் மக என்னா கத்து கத்துறா, கொஞ்சம் தொறந்துதான் விடேன் என்றாள். நான் திறக்கவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன். இந்த ஜென்மத்தில் நான் கேட்ட சத்தங்களில் அதைவிட நல்ல சத்தம் இல்லை. நேரம் போகப் போகத் தொண்டை கட்டிக்கொண்டது அவளுக்கு, ஆனாலும் பிளாச்சை விடவில்லை.